கடைசியாகச் சாப்பிட்டவர்

மன்னார்புரம் வழியா காலேஜுக்குப் போய் வர்ற நமக்கு ராணுவம்னா உடனே ஞாபகம் வர்றது ஜங்ஷன் மேம்பாலம்தான். ராணுவ நிலம் கைக்கு வர்ற வரைக்கும் அதோட ஒரு கை பல வருஷம் அந்தரத்துல நின்னுச்சே, அதேதான். மத்தபடி போர்ங்கிறது நமக்கு சினிமாவுலயும் மொபைல் கேம்லயும் வர்ற சமாச்சாரம்.

1942 ஏப்ரல்ல நம்ம ஆட்களுக்கு நிலைமை அப்படி இல்ல. பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்துடுச்சு. மார்ச்ல ரங்கூன். ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்புல குண்டு விழுந்துச்சு, மறுநாள் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும். மெட்ராஸ்ல இருந்து குடும்பம் குடும்பமா மூட்டை முடிச்சோட உள்ளூர்ப் பக்கம் ரயில் ஏறினாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி பண்ணின கதையைச் சொல்லியிருந்தா, அது இந்த வாரத்துல நடந்ததாத்தான் இருக்கும்.

அந்த வாரத்துல நம்ம பக்கத்துக் கடலுக்கு மேல ஒரு விமானம் ஓட்டிட்டிருந்தவர்தான் லியோனார்ட் பர்ச்சால். கனடாக்காரர். வயசு 26. இதைப் படிக்கிற ஃபைனல் இயர் ஆட்களைவிட அஞ்சு வயசுதான் பெரியவர். இலங்கையைக் காப்பாற்றியவர்னு அவருக்கு ஒரு பட்டப்பேர் உண்டு. அந்தப் பேரை வாங்கித் தந்தது சில நிமிஷ வேலை. அதுக்கு அப்புறம் அவர் 1,241 நாள் ஜப்பான்ல போர்க்கைதியா இருந்தார். அந்தச் சில நிமிஷத்தைவிட இந்த 1,241 நாள்தான் பெரிசுன்னு எனக்குத் தோணுது. முழுக்கப் படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

குண்டே போடாமப் பிடிச்ச கப்பல்

பர்ச்சால் பிறந்தது 1915 ஜூலை 6, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் கேதரின்ஸ் என்ற ஊரில். சின்ன வயசுலயே பறக்கணும்னு ஆசை. ஃபிளையிங் கிளாஸுக்குக் காசு சேர்க்க, கிடைச்ச சின்னச் சின்ன வேலையெல்லாம் பார்த்தார். பிறகு கிங்ஸ்டன் நகரத்தில் இருந்த ராயல் மிலிட்டரி காலேஜில் சேர்ந்து, 1937இல் படிப்பை முடித்து, கனடா விமானப்படையில் பைலட் ஆனார்.

அவர் எப்படிப்பட்ட ஆள்னு தெரிஞ்சுக்க 1940 ஜூன் 10 போதும். இத்தாலி போரில் குதித்த நாள் அது. கனடாவும் உடனே இத்தாலி மேல் போர் அறிவித்தது. செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் இத்தாலியச் சரக்குக் கப்பல் ஒன்று தப்பிப் போய்க்கொண்டிருந்தது. பர்ச்சால் தன் விமானத்தைத் தாழ்வாக இறக்கி, குண்டு போடப் போவது மாதிரியே அதன் மேலே பாய்ந்தார். போடவில்லை, சும்மா மிரட்டல்தான். பதறிப்போன கப்பல் கேப்டன் கப்பலை மணல்திட்டில் ஏற்றிவிட்டார். பர்ச்சால் ஓட்டியது தண்ணீரில் இறங்கும் விமானம். அதனால் பக்கத்திலேயே கடலில் இறங்கி, கடற்படைக் கப்பல் வரும்வரை காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். ஒரு உயிர்கூடப் போகாம ஒரு முழுக் கப்பல் கைக்கு வந்துடுச்சு.

ஸ்காட்லாந்துல இருந்து கொக்கலவுக்கு

1942 தொடக்கத்தில் அவர் 413ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, குளிர் அடிக்கும் ஷெட்லாந்து தீவுகளில் இருந்த படை அது. ஜப்பான் வேகமாக மேற்கே வருவதைப் பார்த்ததும் அந்த ஸ்குவாட்ரனை அப்படியே இலங்கைக்கு அனுப்பினார்கள். காலிக்குப் பக்கத்தில் கொக்கல என்ற கடலோர ஊர். அங்கே இருக்கும் ஏரிதான் விமானதளம். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சொந்த ஊர் அது. அந்தத் தளத்துக்காகத்தான் ஊர் ஜனங்களை வீட்டைவிட்டுக் கிளப்பினார்கள். போர்னு வந்தா குண்டு விழறதுக்கு முன்னாடியே வீட்டை இழக்கிறவங்களும் உண்டு.

விமானத்தின் பெயர் கேட்டலினா. குண்டும் போடும், ரோந்தும் போகும், தண்ணீரிலும் இறங்கும். மெக்கானிக்கல், ஏரோ ஆட்களுக்காகக் கொஞ்சம் ஸ்பெக்: இறக்கை அகலம் கிட்டத்தட்ட 32 மீட்டர். தலைக்கு 1,200 குதிரைத்திறன் கொண்ட ரெண்டு ரேடியல் இன்ஜின். நாள் முழுக்க இறங்காமல் பறக்கும். ஆனால் உச்ச வேகமே மணிக்கு 315 கிலோமீட்டர் பக்கம்தான். ஜப்பானின் ஜீரோ சண்டை விமானம் 530ஐத் தொடும். அதாவது கேட்டலினா எவ்வளவு தூரம் வேணும்னாலும் போய்த் தேடும். தேடினது கண்ணுல பட்டுட்டா, தப்பிச்சு வர்ற வேகம் மட்டும் கிடையாது.

பர்ச்சால் கொக்கலவில் இறங்கியது ஏப்ரல் 2. ரெண்டே நாளில், ஏப்ரல் 4ஆம் தேதி, அவருக்கு முதல் ரோந்து. மொத்தம் ஒன்பது பேர். ஜிபிஎஸ் கிடையாது. சூரியன், நிலா, நட்சத்திரம், திசைகாட்டி, கடிகாரம், ஒரு பென்சில், இதை வெச்சுத்தான் நேவிகேட்டர் இடத்தைக் கணிக்கணும். நாள் முழுக்கக் கடலைத் தவிர ஒண்ணும் இல்ல.

மூணு தடவை அனுப்பணும்

சாயங்காலம் திரும்ப வேண்டிய நேரத்தில் தெற்கே அடிவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பூமி உருண்டைங்கிறதால எவ்வளவு உயரத்துல இருக்கீங்களோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு தூரம் தெரியும். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் போட்டு, 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்குன்னு வரும். 600 மீட்டர் உயரத்துல பறந்தா சுமார் 87 கிலோமீட்டர். கடல்ல ஒரு புள்ளி தெரிஞ்சா அது என்னன்னு பார்க்கக் கிட்டப் போய்த்தான் ஆகணும்.

போனார்கள். கிட்டப் போகப் போகப் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. அஞ்சு விமானந்தாங்கிக் கப்பல்கள், அவற்றைச் சுற்றிப் போர்க்கப்பல்கள். நாலு மாதம் முன்னால் பேர்ல் ஹார்பரை அடித்த அதே அட்மிரல் நகுமோவின் படை. கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அந்த இடம் எங்கே இருக்குன்னு மனசுல ஒரு மேப் போட்டுப் பாருங்க. திருச்சியில இருந்து கொக்கல, நேர்கோட்டுல சுமார் 560 கிலோமீட்டர். கொக்கலவுல இருந்து கிட்டத்தட்ட அதே தூரம் இன்னும் கடலுக்குள்ள போனா அந்த இடம். சுத்தி உதவிக்கு ஒரு படகுகூடக் கிடையாது.

விதிப்படி செய்தியை மோர்ஸில் மூணு தடவை அனுப்பணும்: என்ன படை, எந்த இடம், எந்தத் திசை, என்ன வேகம். நெட்வொர்க்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துச்சான்னு உறுதியாத் தெரியாதப்போ, அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பற வேலைதான் இது. ஹிர்யூ என்ற கப்பலில் இருந்து கிளம்பிய ஜீரோ விமானங்கள் அதற்குள் சூழ்ந்துகொண்டன. ரேடியோ ஆபரேட்டர் அனுப்பிக்கொண்டே இருந்தார். மூணாவது தடவை பாதி போய்க்கொண்டிருக்கும்போது ஒரு குண்டு பட்டு ரேடியோ செட் சிதறியது.

விமானம் தீப்பிடித்தது. பர்ச்சால் எப்படியோ அதைக் கடலில் இறக்கினார். கால் துண்டாகிப்போன ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். நினைவில்லாமல் லைஃப் ஜாக்கெட்டில் மிதந்த இரண்டு பேர் தண்ணீரில் இருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார்கள். மீதி ஆறு பேரை இசோகாசே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் தூக்கியது.

கப்பலின் மேல்தளத்திலேயே விசாரணை ஆரம்பித்துவிட்டது. செய்தி அனுப்பினீர்களா, இல்லையா? அவர்களுக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதான். இல்லவே இல்லை என்று பர்ச்சால் சாதித்தார். கொழும்பு எச்சரிக்கையா இருக்குன்னு தெரிஞ்சா ஜப்பான் திட்டத்தை மாத்திடும், அதனால அந்தப் பொய். நடுவில் கொழும்பில் இருந்தே ரேடியோவில் ஒரு குரல் வந்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். செய்தி சரியாகக் கிடைக்கவில்லை, திரும்ப அனுப்புங்கள் என்று கேட்டார்களாம். ஜப்பான்காரர்களும் அதைக் கேட்டுவிட்டார்கள். அப்புறம் அடி எப்படி இருந்திருக்கும்னு சொல்லவா வேணும்?

செய்தியால என்ன நடந்துச்சு?

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். அன்று இரவே கொழும்புத் துறைமுகத்தில் இருந்து கிளம்ப முடிந்த கப்பல்களையெல்லாம் கிளப்பிவிட்டார்கள். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, சுமார் 125 விமானங்கள் வந்து தாக்கியபோது, அடிக்க நினைத்த கூட்டம் துறைமுகத்தில் இல்லை. பிரிட்டிஷ் கீழைக் கப்பற்படையின் பெரும்பகுதி அப்போது மாலத்தீவுப் பக்கம் இருந்தது. பேர்ல் ஹார்பர் கொழும்பில் திரும்ப நடக்கவில்லை.

அதுக்காக எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. எச்சரிக்கை இருந்தும், ஜப்பான் விமானங்கள் தலைக்கு மேலே வந்தபோது ரத்மலானையில் சண்டை விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. முந்தின இரவு கொழும்பை விட்டுக் கிளம்பிய டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை நடுக்கடலில் மூழ்கடித்தார்கள். 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9 திருகோணமலை தாக்கப்பட்டது, மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஒரு செய்தி எல்லாரையும் காப்பாத்தாது. சிலரைக் காப்பாத்துச்சு.

பின்னாளில் வாஷிங்டனில் ஒரு விருந்தில், போர் முழுவதிலும் தன்னை மிகவும் பயமுறுத்தியது ஜப்பான் படை இலங்கையை நோக்கி வந்த அந்தத் தருணம்தான் என்று சர்ச்சில் சொன்னதாகக் கனடாவின் லெஸ்டர் பியர்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தச் செய்தியை அனுப்பிய பைலட் கடலுக்கடியில் கிடப்பதாகத்தான் சர்ச்சில் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஆனா ஆள் உயிரோடதான் இருந்தார்.

பேசக்கூடாத இடம்

கைதிகளை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். யோகஹாமா பக்கத்தில் ஓஃபுனா என்ற இடம். ஜப்பான் கடற்படை நடத்திய ரகசிய விசாரணை முகாம். அங்கே இருப்பவர்களின் பெயர் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகாது. அதனால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று வீட்டுக்கே தெரியாது. ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாது. பேசினால் அடி. அன்புரோக்கன் படம் பார்த்தவங்களுக்கு லூயி சாம்பெரினி ஞாபகம் இருக்கும். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் இருந்த அந்த ஒலிம்பிக் ஓட்டக்காரரையும் பிற்பாடு இதே ஓஃபுனாவில்தான் வைத்திருந்தார்கள்.

பர்ச்சால் இங்கே சில மாதங்கள் இருந்துவிட்டு, யோகஹாமாவில் இருந்த கைதி முகாமுக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்துதான் அவருடைய இரண்டாவது வேலை ஆரம்பிக்கிறது. அங்கே இருந்த நேச நாட்டு அதிகாரிகளில் மூத்தவர் அவர். அதாவது எல்லாக் கைதிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனா யோசிச்சுப் பாருங்க, என்ன அதிகாரம் இருக்கு? சம்பளம் தர முடியாது, தண்டிக்க முடியாது, லீவு தர முடியாது. துப்பாக்கி எதிராளி கையில. போர்க்கைதிகளை எப்படி நடத்தணும்னு சொல்லும் 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்து போட்டிருந்தாலும் அதை முறைப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. கைதிகளோ வேறு வேறு நாட்டுக்காரர்கள், பசியில் இருப்பவர்கள். அதிகாரிகள் போட்ட திட்டத்தால்தான் மாட்டிக்கொண்டோம் என்ற கோபமும் பலருக்கு இருந்தது. இவங்க ஏன் இவர் பேச்சைக் கேட்கணும்?

கிண்ணக் கணக்கு

பசிதான் முகாமின் பெரிய பிரச்சினை. கொஞ்சம் சோறு அல்லது பார்லி, தண்ணி மாதிரி சூப். அதைச் சாப்பிட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கணும். விட்டமின் பி1 இல்லாமல் பெரிபெரி வரும். கால் வீங்கும், இதயம் பாதிக்கும். இந்த நிலைமையில ஒரு கரண்டி சோறு கூடவா குறைவாங்கிறது உயிர் பிரச்சினை. அடுத்தவன் கிண்ணத்துல ஒரு பருக்கை அதிகமாத் தெரிஞ்சாலே சண்டை. சண்டை வந்தா கூட்டம் உடையும். கூட்டம் உடைஞ்சா நோயாளிதான் முதல்ல சாவான்.

பர்ச்சால் ஒரு ஏற்பாடு செய்தார். எல்லாக் கிண்ணத்திலும் சமமாகப் பங்கு போடணும். முதலில் சாதாரண சிப்பாய்கள் எடுக்கணும். அதிகாரிகள் கடைசியில், மிச்சம் இருக்கும் கிண்ணத்தை எடுக்கணும். அதுக்கு மேலயும் ஒரு விதி: எந்த அதிகாரியோட கிண்ணத்துல அதிகமா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும், எந்தச் சிப்பாயும் நேரா வந்து தன் கிண்ணத்தைக் கொடுத்துட்டு அதை வாங்கிக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம், பர்மிஷன் வேண்டாம்.

சின்ன வயசுல அண்ணன் தம்பிக்கு நடுவுல கேக் வெட்டும்போது அம்மா சொல்ற ரூல்தான் இது. வெட்டினவன் கடைசியா எடுக்கணும். ஏமாத்தணும்னு நினைச்சாலும் ஏமாத்த முடியாதபடி ஒரு சிஸ்டம். நான் நியாயமானவன், நம்புங்கன்னு பர்ச்சால் யாரையும் கேட்கல. நம்பிக்கை இல்லாதவனும் தானே வந்து செக் பண்ணிக்கிற மாதிரி வெச்சார். தினமும், ஒவ்வொரு வேளையும். நம்பிக்கை பேச்சுல வரல, கிண்ணம் கிண்ணமா வந்துச்சு.

அடியை வாங்கிக்கிறவர்

சாப்பாட்டில் கடைசி ஆளாக நின்றவர், அடி விழும் இடத்தில் முதல் ஆளாக நின்றார். காவலர்கள் கைதிகளை அடிக்கும்போது நடுவில் போய் நிற்பார். மருந்து தரச் சொல்லித் தகராறு செய்வார். அந்த அடி அவருக்குத் திரும்பும். ஒவ்வொரு தடவையும் திரும்பும்னு தெரிஞ்சேதான் போவார்.

நோயாளிகளையும் வேலைக்கு இழுத்துப் போவதுதான் முகாமில் எப்போதும் நடக்கும் கொடுமை. ஒரு தடவை, நடக்கவே முடியாதவர்களை வேலைக்குக் கிளப்ப வந்த ஜப்பானிய ராணுவ ஆளைப் பர்ச்சால் கையாலேயே தடுத்தார். அதற்குத் தண்டனையாகத் தனிமைச் சிறை. 1944இல் இன்னும் ஒரு படி மேலே போனார். நோயாளிகளை விடுவிக்கிற வரைக்கும் யாரும் வேலை செய்ய வேண்டாம் என்று எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டார். உள்ளிருப்புப் போராட்டம், அதுவும் துப்பாக்கி முனையில்!

இதை நம்ம ஸ்ட்ரைக் மாதிரி நினைக்கக்கூடாது. நாம உட்கார்ந்தா மிஞ்சிப் போனா அட்டெண்டன்ஸ் போகும். அங்கே உயிர் போகும், அதுவும் முதல்ல தலைவரோட உயிர். அப்படி இருந்தும் அத்தனை பேரும் உட்கார்ந்தாங்க. ஏன்? அந்தக் கிண்ணம்தான். தினமும் கடைசியா எடுத்த ஆள் உட்காருன்னு சொன்னா உட்காரலாம்னு அவங்களுக்குத் தெரியும்.

நோயாளிகளுக்கு விடுப்பு கிடைத்தது. பர்ச்சாலுக்குக் கடுமையான அடி. அதோடு டோக்கியோ வளைகுடாவில் செயற்கைத் தீவொன்றில் இருந்த ஓமோரி முகாமுக்குத் தண்டனைக்காக அனுப்பினார்கள். கடைசியாக 1945இல் நாகானோ மலைப்பக்கம் சுவா என்ற இடத்தில் ஒரு முகாம். அங்கே சுரங்க வேலை. ஆகஸ்ட் 15 ஜப்பான் சரணடைந்தது. ஆகஸ்ட் 27 அமெரிக்கப் படை வந்து அவர்களை மீட்டது.

கணக்கும் டைரியும்

நாம இன்ஜினியரிங் ஆட்கள், ரிசல்ட்டை நம்பர்ல பார்த்தாத்தான் திருப்தி. போருக்குப் பிறகு நடந்த டோக்கியோ நீதிமன்றக் கணக்குப்படி, ஜப்பானிடம் சிக்கிய மேற்கத்தியப் போர்க்கைதிகளில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள். ஜெர்மனி, இத்தாலியிடம் சிக்கியவர்களில் இது 4 சதவீதம். பர்ச்சால் பொறுப்பில் இருந்த முகாம்களில் 2 சதவீதத்துக்கும் கீழே என்று கனடாவில் அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். எல்லா முகாமும் ஒரே மாதிரி இல்ல, காடும் நகரமும் ஒண்ணு இல்ல. அதைக் கழிச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிசு.

இன்னொரு வேலையும் அவர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார். டைரி. யார் யாரை அடித்தார், யாருக்கு மருந்து மறுக்கப்பட்டது, யார் எப்போது இறந்தார் என்று எழுதி எழுதி மண்ணில் புதைத்து வைத்தார். மாட்டினால் தலை போகும். போருக்குப் பிறகு ஜப்பானில் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் அந்த டைரிகள் சாட்சியாகின. அவரே நேரில் போய்ச் சாட்சியும் சொன்னார்.

டைரி அவ்வளவு முக்கியமான்னு கேட்டீங்கன்னா, நம்ம ஆட்களோட கதை ஒண்ணு இருக்கு. அதே வருஷங்களில் ஜப்பான் ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ரயில் பாதை போட்டது. சயாம் மரண ரயில்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதில் சுமார் 12,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு, வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் கைதிகளைவிடப் பல மடங்கு. சரியான எண்ணிக்கைகூட இன்னைக்கு வரைக்கும் கிடையாது. அவங்க சிப்பாய்கள் இல்ல, அதனால மூத்த அதிகாரின்னு ஒருத்தர் இல்ல. பேரை எழுதி வைக்க, நடுவுல போய் நிக்க ஆள் இல்ல. காலராவுல செத்தவங்களை அப்படியே காட்டுல விட்டுட்டு வேலை நடந்துச்சு. பர்ச்சால் மாதிரி ஒருத்தர் இருந்தா என்ன ஆகியிருக்கும்னு இங்கே நினைக்காம இருக்க முடியல.

அப்புறம்

1942ஆம் வருஷச் செய்திக்காக அவருக்கு டிஎஃப்சி பதக்கம் கிடைத்தது. முகாமில் செய்ததற்காக ஓபிஇ. போருக்குப் பிறகும் விமானப்படையிலேயே இருந்தார். 1963இல் தான் படித்த அதே மிலிட்டரி காலேஜுக்குக் கமாண்டன்ட் ஆனார். நம்ம பாஷையில பிரின்சிபால். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் ஒன்றாக்கும் அரசின் முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை, 1967இல் ஓய்வு பெற்றார். பிறகு யார்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலை.

ஒரு சுவாரசியமான கணக்கு. கனடா ராணுவத்தில் 12 வருஷ சேவைக்கு ஒரு பதக்கம், அதுக்கு மேல ஒவ்வொரு 10 வருஷத்துக்கும் ஒரு பட்டை. பர்ச்சால் வாங்கியது பதக்கமும் அஞ்சு பட்டையும். கூட்டிப் பாருங்க, 62 வருஷம். ஓய்வுக்குப் பிறகு கௌரவப் பதவிகளில் இருந்த காலமும் அதில் சேர்த்தி. வயசான காலத்தில் கேடட்களிடம் தலைமையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், அந்த முகாமையும் அந்தக் கிண்ணங்களையும் பற்றித்தான் சொல்வார். 2004 செப்டம்பர் 10 அன்று, 89 வயதில் கிங்ஸ்டனில் இறந்தார். நம்ம பேட்ச்ல பல பேர் பிறந்தது அதே சமயத்துலதான்.

அவரைச் சுட்டு வீழ்த்திய விமானங்கள் கிளம்பிய ஹிர்யூ, ரெண்டே மாதத்தில் மிட்வே சண்டையில் மூழ்கியது. 413ஆம் ஸ்குவாட்ரன் இன்னமும் இருக்கிறது. அதன் சின்னம் யானைத் தலை, இலங்கையில் இருந்த நாட்களின் ஞாபகமாக. இப்போ அவங்க வேலை கனடாவின் கிழக்குக் கரையில், கடலில் மாட்டிக்கொள்கிறவர்களைத் தேடிக் காப்பாற்றுவது.

இன்னும் சில மாசத்துல நம்மள்ல பல பேர் வேலைக்குப் போயிடுவோம். ரெண்டு மூணு வருஷத்துல டீம் லீட்னு ஒரு பேரும் வரும். லீடர்ஷிப்னு பிளேஸ்மென்ட் டிரெய்னிங்ல காட்டின ஸ்லைடுகள்ல தோள்ல கை போடறதும் கை குலுக்கறதும்தான் நிறைய இருந்துச்சு. கிண்ணம் எதுலயும் இல்ல. டீமுக்குப் பீட்சா வந்தாலும் சரி, போனஸ் வந்தாலும் சரி, திட்டு வந்தாலும் சரி, எதுல முதல்ல நிக்கணும், எதுல கடைசியா நிக்கணும்னு நமக்கும் ஒரு நாள் முடிவு பண்ண வேண்டி வரும்.

திருச்சி ஏர்போர்ட் மன்னார்புரத்துல இருந்து பக்கம்தான். அங்கேருந்து கொழும்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஃபைனல் இயர் டிரிப்புக்கு இலங்கை போற குரூப் இருந்தா, காலிக் கோட்டையோட திரும்பிடாதீங்க. அங்கேருந்து கொஞ்ச தூரம் கிழக்கே கொக்கல ஏரி. சின்ன ஏர்போர்ட்டும் படகுச் சவாரியும் இருக்கு. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி ஒன்பது பேர் கிளம்பிப் போனது அந்தத் தண்ணியில இருந்துதான்.